எம்.டெக்., எம்.இ., எம்.எஸ்.: எங்கே படிப்பது? நான்கு வழிகளின் ஒப்பீடு

பி.இ. நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகளும், படித்து முடித்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்தவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போகலாமா, கிண்டியில் எம்.இ. சேரலாமா, இல்லை கடன் வாங்கியாவது ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பிவிடலாமா? கேட்கும்போதே பலர் கையில் ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கும். அதில் எந்தப் பெயர் மேலே இருக்கிறதோ அந்தப் பக்கம் மனம் சாய்ந்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொரு கல்லூரியின் விளம்பரமும் சொல்லிவிடுகிறது. அதை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. பட்டம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஓர் ஆண்டாகியும் நினைத்த வேலை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் கடன் எவ்வளவு, எந்த ஊரில் இருப்பீர்கள், வேறு என்ன கதவு திறந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு நான்கு வழிகளையும் பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி அடுக்கப்படும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், பட்டம் எதற்காக? கோர் கம்பெனியில் (படித்த பொறியியல் துறையிலேயே இயங்கும் நிறுவனத்தில்) வடிவமைப்பு வேலை, ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியர் பணி, வெளிநாட்டில் தங்குவது என்று நான்கு காரணங்களைச் சொல்வார்கள். ஐந்தாவது ஒன்று உண்டு: கேம்பஸில் வேலை கிடைக்கவில்லை, இரண்டு ஆண்டு தள்ளிப்போட வேண்டும். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான். அதில் தப்பொன்றும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக 40 லட்சம் கடன் வாங்குவதுதான் தப்பு.

இரண்டாவது, மொத்தச் செலவு. கட்டணம், விடுதி, சாப்பாடு மட்டும் கணக்கில்லை. படிக்கும் காலத்தில் கடனுக்கு ஏறும் வட்டியும், வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் சேர்ந்ததுதான் செலவு.

மூன்றாவது, யாரிடம் படிக்கப் போகிறீர்கள்? பி.இ.யில் கல்லூரியின் பெயர் பெரும்பாலும் நம்மைத் தாங்கிவிடும். முதுநிலையில் பாதிக் காலம் திட்டப்பணியிலும் ஆய்வறிக்கையிலும் போகிறது. வழிகாட்டி யார், அந்த ஆய்வகத்தில் என்ன கருவி இருக்கிறது, எந்த நிறுவனத்தின் பணி அங்கே நடக்கிறது என்பவைதான் நேர்காணலில் நீங்கள் பேசப்போகும் விஷயங்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயருக்கு முன்னால் துறையைப் பாருங்கள், துறைக்குள் ஆசிரியர்களின் பக்கங்களைப் பாருங்கள்.

கடைசியாக, வெளிநாடு என்றால் பட்டம் முடிந்த மறுநாள் சட்டம் உங்களை எத்தனை நாள் அங்கே இருக்கவிடும் என்பது.

## ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., என்.ஐ.டி.: கேட் வழி

செலவில் இதற்கு ஈடான வழி கிடையாது. கேட் மதிப்பெண்ணோடு முழுநேர எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதம் உதவித்தொகை உண்டு. கூட்டினால் 2,97,600 ரூபாய். அதற்கு ஈடாக ஐ.ஐ.டி.களில் வாரத்துக்கு 8 மணி நேரம் அளவில் ஆய்வகப் பணியோ விடைத்தாள் திருத்தமோ இருக்கும். தொகை பல ஆண்டுகளாக உயரவில்லை என்ற வருத்தம் நியாயமானது. ஆனாலும் கடன் இல்லாமல் முதுநிலை முடிக்க முடிகிறதே, அது பெரிய விஷயம். சுயநிதி இடங்களுக்கும் நிறுவனங்கள் அனுப்பும் இடங்களுக்கும் இந்தத் தொகை கிடையாது. கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். என்.டி.பி.சி., பவர்கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் இதை வைத்து ஆள் எடுத்திருக்கின்றன. அதற்கு பி.இ. போதும், எம்.டெக். தேவையில்லை. பொதுத்துறை வேலைதான் குறி என்றால் எம்.டெக். சேர்வதைவிட இன்னொரு முறை கேட் எழுதுவது நேர்வழி. 2024 முதல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தனித் தாள் வந்திருப்பதால், மெக்கானிக்கல், சிவில் படித்தவர்கள் பாதை மாறவும் வழி இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், பிளேஸ்மென்டில். வளாகத்துக்கு வரும் நிறுவனங்களில் ஒரு பகுதி பி.டெக். மாணவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கும். நிறுவனம் முழுவதற்குமான சராசரிச் சம்பளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீங்கள் சேரப்போகும் சிறப்புப் பிரிவில் எம்.டெக். முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தனியாகக் கேளுங்கள். கோர் பிரிவில் படித்து மென்பொருள் வேலைக்குப் போவது இங்கும் சகஜம்.

சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெக். தவிர ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்று ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் இதை அதிகம் கண்டுகொள்வதில்லை. பாடங்கள் குறைவு, ஆய்வு அதிகம். கேட் மதிப்பெண்ணுக்குப் பிறகு தேர்வோ நேர்காணலோ வைத்து எடுப்பார்கள். எம்.டெக்.குக்கு மயிரிழையில் இடம் தவறியவர், பாட அறிவு உறுதியாக இருந்தால் இங்கே நுழைய முடியும். ஒரே ஆய்வகத்தில் ஊன்றி உட்காருவதால் கைக்குத் திறமையும் வரும். ஆனால் இரண்டு ஆண்டில் முடியும் என்று நம்பாதீர்கள். மூன்றாம் ஆண்டுக்குள் இழுப்பது வழக்கம், எப்போது முடியும் என்பது வழிகாட்டியின் கையில். அந்தப் பேராசிரியரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வேலை கிடைக்காத ஆண்டு வந்தால்? கடன் இல்லை. திட்டப் பணியாளராக அதே ஆய்வகத்தில் ஒட்டிக்கொள்ளலாம், பி.எச்.டி. தொடரலாம். நான்கு வழிகளில் விழுந்தாலும் அடி குறைவாகப் படும் வழி இதுதான்.

## அண்ணா பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும்

கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய மூன்றையும் ஒரு வகையாகவும், இணைப்புக் கல்லூரிகளை வேறு வகையாகவும் பார்க்க வேண்டும். இரண்டிலும் வருவது அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் என்றாலும் படிப்பு ஒன்றல்ல.

கேட் மதிப்பெண் உள்ளவர்களுக்கு முதலில் கவுன்சலிங் நடக்கும். அப்புறம் மாநில நுழைவுத் தேர்வு எழுதியவர்களுக்கு. முன்பு டான்செட், 2023 முதல் எம்.இ.க்குத் தனியாக சீட்டா. கேட் மதிப்பெண் சுமாராக இருந்து ஐ.ஐ.டி. கிடைக்காதவருக்குக் கிண்டி நல்ல இடம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி என்பதால் சென்னையின் பொதுப்பணி, கட்டுமான, மின்துறை அலுவலகங்களில் எங்கே போனாலும் அங்கே படித்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். கட்டமைப்புப் பொறியியல் படிப்பவருக்குத் தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் கூப்பிடு தூரம். வாகனப் பொறியியலுக்கு ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் பக்கம். திட்டப்பணியை வெளியே போய் ஒரு நிறுவனத்தில் செய்ய இந்த அமைவிடம் உண்மையிலேயே உதவும்.

இணைப்புக் கல்லூரிகளில் எம்.இ. சேர்வதை எல்லோருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. வகுப்பில் நான்கைந்து பேர், ஆய்வறிக்கை கடைசி மாதத்தில் எழுதப்படுவது, கருவிகள் பி.இ. ஆய்வகத்துக்கு வாங்கியவையே என்ற நிலை பல இடங்களில் உண்டு. கல்லூரி ஆசிரியராக வேண்டும், குடும்பச் சூழலால் ஊரை விட்டு நகர முடியாது என்பவர்களுக்கு இது பொருந்தும். பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருந்தால் உதவிப் பேராசிரியர் தகுதி வந்துவிடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரமுள்ள கல்லூரியில் கேட் தகுதியோடு சேர்ந்தால் அதே 12,400 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி உரிய காலத்தில் உங்கள் பெயரை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதைத் துரத்திக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான்.

## ஜெர்மனி

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பது பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான். ஆனால் கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. ஆகன், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக் போன்றவை வேறு மாநிலங்களில் இருப்பதால் அங்கே கணக்கு வேறு.

விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். ஆனால் மொத்தமாகப் புரட்ட வேண்டுமே. அதற்கு மேல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம்.

இங்கே வெட்டுவது மதிப்பெண் மாற்றம். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவார்கள். உங்கள் சி.ஜி.பி.ஏ. 8.0, தேர்ச்சி எல்லை 5 என்றால் விடை 2.2. நல்ல பல்கலைக்கழகங்களில் 2.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். 7.5 எடுத்தவருக்கு சரியாக 2.5 வருகிறது, அதாவது விளிம்பில் நிற்கிறார். இதுபோக, உங்கள் பி.இ. பாடத்திட்டத்தில் கணிதம், இயக்கவியல் போன்றவற்றுக்கு எத்தனை கிரெடிட் என்று பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தும் இதில் தள்ளுபடியாவது உண்டு.

சேர்ந்த பிறகு இருக்கும் ஆபத்தைக் கன்சல்டன்சிகள் சொல்லி நான் கேட்டதில்லை. பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்றாம் முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கம். அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் தொடரவும் முடியாமல் போகலாம். அரியர் வைத்து அடித்துவிடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. இரண்டு ஆண்டுப் படிப்பு இரண்டரை, மூன்று ஆண்டு ஆவதும் சாதாரணம்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலைக்கு ஜெர்மன் வேண்டும். பி1, பி2 என்ற இடைநிலை மொழித் தகுதி வரை படிக்காமல் கோர் கம்பெனிகளில் நுழைவது கடினம். சென்னையிலேயே மாக்ஸ் முல்லர் பவனில் தொடங்கி, விமானம் ஏறும் முன்பே ஏ2-வாவது முடித்திருப்பவர்கள் அங்கே போய்ப் படும் பாடு குறைவு. பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி. பட்டத்துக்குப் பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். இந்த 18 மாதம்தான் ஜெர்மனியின் பெரிய பலம். வேலை கிடைக்காத ஓர் ஆண்டைச் சட்டப்படியே தாங்கும் நாடு இது.

தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை யாராவது அதிகமாகப் புகழ்ந்து தள்ளினால் நின்று யோசியுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆள் சேர்த்தால் கன்சல்டன்சிக்குக் கமிஷன் வருவதில்லை.

## அமெரிக்கா

ஆய்வகங்களின் தரத்திலும், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்திலும், கிடைக்கும் சம்பளத்திலும் அமெரிக்கா இன்னும் முன்னால்தான் நிற்கிறது. சிப் வடிவமைப்பு, ரோபாட்டிக்ஸ், கணினி அறிவியல் என்றால் இதை நான் மறுக்கவே மாட்டேன். பிரச்சினை கடனில் இருக்கிறது, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதலாம் ஆண்டு 20 லட்சம், இரண்டாம் ஆண்டு 20 லட்சம், வட்டி 11 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஆறு மாதமும் எதுவும் கட்டவில்லை. தனி வட்டியே 8.8 லட்சம் ஏறி, கடன் 48.8 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 67,000 ரூபாய். டாலர் சம்பளத்தில் இது கஷ்டமே இல்லை. ஊர் திரும்பி வந்து இந்தியச் சம்பளத்தில் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்பாவின் வீட்டுப் பத்திரம்தான் வங்கியில் இருக்கும்.

சட்டநிலை இது: பட்டம் முடிந்ததும் 12 மாதம் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி, பொறியியல் என்பதால் மேலும் 24 மாதம். மூன்று ஆண்டு என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாள்கள் மொத்தம் 90 மட்டுமே. நீட்டிப்பு கிடைத்தால் இன்னும் 60. ஜெர்மனியின் 18 மாதத்தோடு இதை ஒப்பிடுங்கள். அதற்கப்புறம் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல்: ஆண்டுக்கு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. இரண்டு ஆண்டுப் படிப்புக்குள் இப்படி இன்னும் எத்தனை மாறும் என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

விமானவியல், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்வெளி, பாதுகாப்புத் துறை நிறுவனங்களின் பல வேலைகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளால் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். ராக்கெட் கனவோடு போய், அங்கே விண்ணப்பிக்கவே முடியாது என்று தெரிந்துகொள்வது கொடுமை. போகும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

ஆராய்ச்சிதான் குறி என்றால் எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக பி.எச்.டி.க்கு விண்ணப்பியுங்கள். பி.இ. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். கட்டண விலக்கும் உதவித்தொகையும் பெரும்பாலும் அதற்குத்தான், எம்.எஸ். மாணவர்களுக்கு அபூர்வம்.

## ஒரே பார்வையில்

| | கேட் வழி | அண்ணா பல்கலை. வளாகங்கள் | ஜெர்மனி அரசுப் பல்கலை. | அமெரிக்கா |
|---|---|---|---|---|
| கடன் தேவை | பெரும்பாலும் இல்லை | இல்லை அல்லது சிறிது | நடுத்தரம் | மிக அதிகம் |
| படிக்கும்போது வரவு | மாதம் 12,400 ரூபாய் | கேட் இருந்தால் அதே தொகை | பகுதிநேர வேலை | வளாகத்துக்குள் வேலை, வாரம் 20 மணி வரை |
| மறைந்த செலவு | பி.டெக்.குக்கு மட்டும் வரும் நிறுவனங்கள் | ஆய்வகங்களின் ஏற்றத்தாழ்வு | மொழி, நீளும் காலம், மூன்று முறை விதி | ஏறும் வட்டி, விசா |
| வேலை இல்லாத ஓர் ஆண்டு | தாங்கலாம் | தாங்கலாம் | 18 மாதம் வரை தங்கலாம் | 90 நாளில் நெருக்கடி |
| யாருக்கு | கேட் நன்றாக எழுதியவர் | சென்னையில் கோர் வேலை தேடுபவர் | 8-க்கு மேல் சி.ஜி.பி.ஏ., மொழி கற்கத் தயாரானவர் | கணினி, சிப் துறையினர், கடனைத் தாங்கும் குடும்பம் |

## நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

ஐ.ஐ.டி.யில் பிடிக்காத பிரிவு, என்.ஐ.டி.யில் பிடித்த பிரிவு என்று வந்தால் நான் பிரிவின் பக்கம். திருச்சி என்.ஐ.டி.யில் விரும்பிய பிரிவில் நல்ல வழிகாட்டியோடு இருப்பவர், பெயருக்காக வேண்டாத பிரிவில் இரண்டு ஆண்டு இருந்தவரைவிடக் கோர் நேர்காணலில் தெளிவாகப் பேசுவார். பாடத்தைப் பற்றிக் கவலையில்லை, மென்பொருள் வேலைதான் வேண்டும் என்றால் மட்டும் ஐ.ஐ.டி. வளாகத்தின் பெயருக்கு மதிப்புக் கூடும்.

கையில் சுமாரான வேலை இருப்பவர்கள் அதை விட அவசரப்பட வேண்டாம். பிட்ஸ் பிலானி வேலை பார்ப்பவர்களுக்கு எம்.டெக். நடத்துகிறது. கணினி அறிவியலில் ஜார்ஜியா டெக் 2014 முதல் இணையவழி முதுநிலையை வளாகக் கட்டணத்தில் சிறு பங்குக்குத் தருகிறது. விசா கிடைக்காது, ஆனால் சம்பளம் நிற்காது. குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்களுக்கு இது இரண்டாந்தர வழியாகத் தோன்றத் தேவையில்லை.

அமெரிக்காவில் இடம் கிடைத்து, குடும்பத்தால் மாதம் 67,000 ரூபாயை ஓர் ஆண்டாவது சொத்து விற்காமல் கட்ட முடியும் என்றால் தயங்காமல் போங்கள். முடியாது என்றால், அதே திறமையை ஐ.ஐ.டி. எம்.எஸ்.ஸில் காட்டி, அங்கிருந்து பி.எச்.டி.க்கு முழு உதவித்தொகையோடு போகலாம். மூன்று ஆண்டு தாமதம், ஆனால் கடன் பூஜ்யம்.

## நாள்காட்டி ஒத்துவராது, கவனம்

நான்கு வழிகளுக்கும் ஒரே நேரத்தில் முயல்பவர்களை நாள்காட்டிதான் கவிழ்க்கிறது. அமெரிக்க விண்ணப்பங்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். கேட் பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். அமெரிக்காவில் உதவித்தொகையோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.களின் பொது ஏற்பு இணையதளமான கோப் சுற்றுகளோ அதன் பிறகுதான் தொடங்கி ஜூன், ஜூலை வரை போகும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்குப் பல படிப்புகளில் ஜூலை 15 கடைசி நாள், சிலவற்றில் மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை ஏழாம் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.

கோப் தளத்தில் இடம் வந்ததும் ஒரேயடியாக உறுதிசெய்வதா, கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா, வேண்டாமென்று விட்டுக் காத்திருப்பதா என்று மூன்று தெரிவுகள் வரும். மூன்றாவதை அழுத்தினால் அந்த இடம் போனது போனதுதான். வேறு நாட்டின் விசா கைக்கு வரும்வரை, தளத்தின் விதி அனுமதிக்கும் அளவுக்கு, கையில் வைத்துக் காத்திருக்கும் தெரிவையே எடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லிக் கன்சல்டன்சி அவசரப்படுத்தினால், விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்புமா என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டுங்கள்.